சாமி பாட்டு வருகிறது, ‘சீப்பு’ வரவில்லை

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. ஆங்கில வழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. நான்கு மாதங்களுக்கு முன் அவள் அப்பாவோடு பைக்கில் போகும்போது நாய் குறுக்கே வந்து விழுந்துவிட்டார்கள். அவருக்குச் சிராய்ப்போடு போனது. இவளுக்குத் தலையின் இடது பக்கம் அடி. ஆபரேஷன் செய்து ரத்தக்கட்டியை எடுத்தார்கள். 11 நாள் ஐ.சி.யூ. கண் விழித்த பிறகும் மூன்று வாரம் ஒரு சத்தம்கூட இல்லை. அப்புறம் ஒருநாள் ‘அம்மா’ என்றாள். இப்போது இரண்டு மூன்று வார்த்தையாகப் பேசுகிறாள். சீப்பைக் காட்டினால் ‘அது... தலை... தலை இது’ என்கிறாள். சித்தியை ‘அத்தை’ என்கிறாள். ஆனால் சாமி பாட்டை முழுசாகப் பாடுகிறாள். அதனால் வீட்டில் ‘வேணும்னே அடம் பிடிக்கிறா’ என்கிறார்கள். கோபம் வந்தால் கையில் இருப்பதை வீசுகிறாள். ‘குழந்தை மூளைதானே, தானா சரியாயிடும்’ என்கிறார் ஒருவர். ‘ஆறு மாசத்துல வரலைன்னா வராது’ என்கிறார் இன்னொருவர். மாமியார் தினமும் வசம்பு உரசி நாக்கில் தடவுகிறார். பள்ளியில் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தை நிறுத்திவிடலாமா? நான் வீட்டில் பூ கட்டுகிறேன். அடிக்கடி வெளியூர் அலைய வசதியில்லை. அவள் அப்பா அன்றிலிருந்து அவளோடு சரியாகப் பேசுவதே இல்லை. நேற்று கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மகள் பழையபடி பேசுவாளா?
– ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

சாமி பாட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் மகள்மேல் விழுந்த பழி அந்தப் பாட்டால் வந்தது. அதை முதலில் இறக்கிவைத்துவிடலாம்.

பல நூறு முறை சொல்லி ஊறிப்போன பாட்டு, கிழமைகளின் பெயர், ஒன்று இரண்டு என்று எண்ணுவது, கால் இடறினால் ‘அம்மா’ என்று கத்துவது எல்லாம் கட்டி வைத்த சரம் மாதிரி. நுனியைப் பிடித்து இழுத்தால் முழுவதும் வந்துவிடும். சீப்பைப் பார்த்து ‘சீப்பு’ என்று சொல்வது, கூடையில் கொட்டிக் கிடக்கும் உதிரிப் பூவிலிருந்து ஒன்றை மட்டும் தேடி எடுப்பது. பொருள் என்னவென்று தெரிய வேண்டும், அதற்குரிய சொல்லைத் தேடிப் பிடிக்க வேண்டும், அதன் ஒலிகளை வரிசையாக அடுக்க வேண்டும், பிறகு வாயை அசைக்க வேண்டும். இடது பக்க மூளையில் அடிபட்டவர்களுக்குச் சரம் தப்பித்து, உதிரிப்பூ சிக்கிக்கொள்வது உண்டு. லண்டனில் இருந்த நரம்பியல் மருத்துவர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். தானாக ஒரு வாக்கியம் சொல்ல முடியாத நோயாளிக்குக் கோபம் வந்தால் திட்டு வார்த்தை மட்டும் தெளிவாக வரும். அவர்களில் யாரும் அடம் பிடிக்கவில்லை. உங்கள் மகளும் பிடிக்கவில்லை. வீட்டில் உள்ள எல்லோரையும் உட்கார வைத்து இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

அவள் ‘தலை இது’ என்றாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும் நம்பிக்கை வந்தது. அது தலைக்கான பொருள் என்பது அவளுக்குத் தெரிகிறது. சொல் வராதபோது வாயை மூடிக்கொள்ளாமல் சுற்றுவழியில் போய் உங்களுக்குப் புரியவைக்கப் பார்க்கிறாள். சித்தியை ‘அத்தை’ என்பதும் அப்படித்தான். அஞ்சறைப்பெட்டியைச் சரியாகத் திறந்து, சீரகத்துக்குப் பதில் சோம்பை எடுத்துவிட்டாள். பெட்டியே தெரியாமல் போயிருந்தால் ‘நாற்காலி’ என்றுகூடச் சொல்லியிருப்பாள். இப்படிச் சொல் தடுமாறுவதற்கு ‘அஃபேசியா’ என்று பெயர். டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். தொடக்கத்தில் இருந்த மூன்று வார மௌனமும், கடுமையான தலைக்காயத்துக்குப் பிறகு குழந்தைகளிடம் அடிக்கடி பார்ப்பதுதான்.

அடுத்து, ‘குழந்தை மூளைதானே, தானா சரியாயிடும்’. இது பாதி உண்மை. அந்தப் பாதி எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 1930-களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் கென்னார்ட் குரங்குகளை ஆராய்ந்தார். மூளையில் கைகால் அசைவைக் கவனிக்கும் இடம் பழுதானபோது, வளர்ந்த குரங்குகளைவிடக் குட்டிகள் நன்றாகத் தேறின. 1967-ல் மொழி ஆய்வாளர் எரிக் லென்னபெர்க், பேச்சு இழந்த குழந்தைகளின் மருத்துவக் குறிப்புகளை வைத்து, பருவ வயதுக்கு முன்னால் அடிபட்டால் மொழி மீண்டுவர நல்ல வாய்ப்பு உண்டு என்று வாதிட்டார். 2022-ல், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் எலிசா நியூபோர்ட் குழுவினர், பிறந்த சமயத்தில் இடது மூளையில் பக்கவாதம் வந்து இப்போது இளைஞர்களாகிவிட்டவர்களைப் பரிசோதித்தார்கள். பெரும்பாலோருக்கு மூளையின் இடது பாதியில் நடக்கும் வாக்கியத்தைப் புரிந்துகொள்ளும் வேலை, அவர்களுக்கு வலது பாதியில், கண்ணாடியில் பார்த்தது போல அதே இடத்துக்கு நேர் எதிரே நடந்தது. மொழி நன்றாகவே இருந்தது. அதே குழுவின் 2020 ஆய்வில், 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு வலது பாதியும் சேர்ந்தே மொழியைக் கவனிப்பதும், வயது ஏற ஏற அது குறைந்து இடது பக்கம் நிலைப்பதும் தெரிந்தது. சின்ன வயதில் வலது பக்கத்துக்கு அந்த வேலை பழக்கம் இருக்கிறது, அதனால் ஏற்றுக்கொள்கிறது.

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இரண்டு விஷயம் உங்கள் மகளுக்குப் பொருந்தாது. ஒன்று, அவள் பச்சைக் குழந்தை இல்லை, 8 வயது. இன்னொன்று, அவளுக்கு வந்தது பக்கவாதம் இல்லை. பக்கவாதத்தில் ரத்தம் போகாத ஒரு திட்டு மட்டும் பழுதாகி, மற்ற இடம் அப்படியே இருக்கும். பைக்கிலிருந்து விழும்போது மண்டைக்குள் மூளை முழுவதுமே குலுங்குகிறது. நெற்றிக்கும் காதோரப் பொட்டுக்கும் உட்பக்கம் மூளை எலும்பில் உரசிக் கன்றிப்போகிறது. ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் நீளமான நரம்பு இழைகள் இழுபட்டு அறுகின்றன. பக்கத்து இடம் வேலையை ஏற்றுக்கொள்ள அதுவும் முழுதாக இருந்தால்தானே முடியும்? ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் விக்கி ஆண்டர்சன் போன்ற ஆய்வாளர்கள் தலைக்காயம் பட்ட பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்ததில், மிகச் சிறு வயதில் கடுமையாக அடிபட்டவர்களே அதிகம் பின்தங்கியிருந்தார்கள். சின்ன மூளை வளைந்து கொடுக்கும், சரிதான். ஆனால் அது இன்னும் கட்டி முடிக்காத வீடும்கூட.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிட ஒரு பையனிடம் தெரிந்துகொண்டதுதான் அதிகம். பேச்சுப் பயிற்சி தரும் வேலைக்கு நான் வந்த புதிது. மாமரத்திலிருந்து விழுந்த ஒன்பது வயதுப் பையன். நான்கு மாதப் பயிற்சியில் படபடவென்று பேச ஆரம்பித்தான். படங்களைக் காட்டினேன், எல்லாவற்றுக்கும் பெயர் சொன்னான். ‘இனி வர வேண்டாம், பையன் சரியாயிட்டான்’ என்று நானே எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அவன் அம்மா கண்கலங்கி நின்றது இன்றும் ஞாபகம் இருக்கிறது. ஏழாம் வகுப்பில் மறுபடி கூட்டி வந்தார்கள். எதிலும் தேர்ச்சி இல்லை. சோம்பேறி என்று வகுப்பில் பெயர், வீட்டில் அடி. ‘நேற்று பள்ளியில் என்ன நடந்தது, சொல்லு’ என்று கேட்டேன். ‘அவன் வந்தான்... அப்புறம் அடிச்சான்... இவன் போயி... சார் வந்தாரு...’ யார் யாரை அடித்தது, எது முதலில், எது பிறகு, ஏன் என்று ஒன்றும் புரியவில்லை. நான்கு வருடத்துக்கு முன் நான் படங்களை மட்டும் காட்டினேன். ஒரு கதை சொல்லச் சொல்லிக் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அந்த நான்கு வருட அடியில் எனக்கும் பங்கு உண்டு என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

அதனால் உங்களிடம் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். பேச்சு வந்ததும் எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டு கவனிப்பதை விட்டுவிடுவார்கள். மூன்றாம் வகுப்பில் வேண்டிய மொழி கொஞ்சம். கண்ணால் பார்க்கும் பொருள்கள், சின்ன வாக்கியங்கள். ஆறாம் வகுப்பில் கணக்கே நாலு வரிக் கதையாக வரும். பாடப் பத்தியில் சொல்லாமல் விட்டதை ஊகிக்க வேண்டும். பழமொழியும் சிநேகிதிகளின் கிண்டலும் ஒன்றைச் சொல்லி இன்னொன்றைக் குறிக்கும். அந்த மொழியை உங்கள் மகள் இன்னும் கற்கவே இல்லை. கற்க வேண்டிய கருவியில்தான் அடிபட்டிருக்கிறது. எனவே ஐந்தாம் வகுப்பு முடியும்போது, எட்டு முடியும்போது, பத்தாம் வகுப்புக்கு முன் என்று ஒவ்வொரு படியிலும் மொழிப் பரிசோதனை செய்ய வேண்டும். அவள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் செய்ய வேண்டும்.

‘ஆறு மாசத்துல வரலைன்னா வராது’ என்பது தவறு. முதல் சில மாதங்களில் வேகம் அதிகம், பிறகு குறையும். ஆனால் முன்னேற்றம் வருடக்கணக்கில் தொடரும். பழையபடி பேசுவாளா என்று கேட்டீர்கள். மௌனத்திலிருந்து மூன்று வார்த்தை வாக்கியத்துக்கு மூன்று மாதத்தில் வந்திருக்கிறாள். இன்னும் நிறைய வரும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அப்படியே பழையபடி ஆகுமா என்பதை நான்காவது மாதத்தில் யார் உறுதியாகச் சொன்னாலும் நம்பாதீர்கள், ஆகும் என்றாலும் சரி, ஆகாது என்றாலும் சரி.

உடனே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. காது பரிசோதனை ஆகியிருக்கிறதா? காதை ஒட்டிய எலும்பில் விரிசல் விட்டால் ஒரு பக்கம் காது கேட்காமல் போய்விடலாம். பெரிய காயத்தைக் கவனிக்கும் அவசரத்தில் இது விட்டுப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அடுத்தது வலிப்பு. கைகால் வெட்டினால்தான் வலிப்பு என்றில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடி வெறித்துப் பார்ப்பது, உதட்டைச் சப்புவது, வந்த வார்த்தைகள் திடீரென மறுபடி காணாமல் போவது, இதில் எது இருந்தாலும் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லி, தூக்கத்தில் இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதியும் பரிசோதனை) எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். வெளியே தெரியாத வலிப்பு அலைகளே மொழியை மறைத்துவிடுவது உண்டு. லாண்டா, கிளெஃப்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1957-ல் விவரித்த நோய் அப்படிப்பட்டது. மூன்றாவது, அவள் கோபம். சொல் கிடைக்காத ஆத்திரம் அதில் இருக்கும். ஆனால் வலிப்பு வராமலிருக்க லெவெடிராசிட்டாம் கொடுத்துவருகிறார்கள் என்றால், அந்த மருந்தே சில குழந்தைகளுக்குச் சிடுசிடுப்பைத் தரும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென நிறுத்துவது ஆபத்து. மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தர முடியும்.

ஸ்பீச் தெரபிக்கு வெளியூர் அலைய வேண்டியதில்லை. உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ‘டி.இ.ஐ.சி. எங்கே’ என்று கேளுங்கள். மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் என்று பெயர்; 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இலவசம். தனியாரிடம் போனால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய மதிப்பீடு வேண்டுமென்றால் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை போனாலும் போதும். மீதியை வீட்டில் செய்யலாம்.

வீட்டில் செய்வதற்கு உங்களைவிட வசதியான அம்மா எனக்குக் கிடைப்பது அரிது. நீங்கள் பூ கட்டுகிறீர்கள். தினமும் ஒரே இடத்தில், அவசரமில்லாமல், கை வேலையில் இருக்க, வாய் சும்மா இருக்கும் நேரம் அது. அவளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ‘இது என்ன, சொல்லு’ என்று கேட்காதீர்கள். அது பரீட்சை, தோற்றுத் தோற்று அவள் வாயை மூடிக்கொள்வாள். ‘மல்லியா, கனகாம்பரமா, எது வேணும்?’ என்று கேளுங்கள். இரண்டும் காதில் விழுந்துவிட்டதால் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். சொல் வராமல் திணறினால் மனதுக்குள் பத்து வரை எண்ணிக்கொண்டு காத்திருங்கள். பத்து மிக நீளமாகத் தெரியும், பரவாயில்லை. அப்புறமும் வராவிட்டால் ‘சீ...’ என்று முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுங்கள். அவள் ‘அப்பா... கடை... மிட்டாய்’ என்றால், ‘தப்பு, சரியா சொல்லு’ என்று திருத்தாமல், ‘ஆமா, அப்பா கடையில மிட்டாய் வாங்கிட்டு வந்தாரு’ என்று நீங்கள் முழுசாகச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். நம் மொழியில் பாதி அர்த்தம் சொல்லின் வாலில் இருக்கிறது. கடைக்கு, கடையில், கடையிலிருந்து, வந்தான், வந்தாள். அந்த வால்கள் திரும்பக் கொஞ்சம் தாமதமாகலாம். அவள் காதில் அவை விழுந்துகொண்டே இருக்கட்டும். கையால் காட்டினாலும் படம் வரைந்து காட்டினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். சைகை பேச்சைக் கெடுக்காது. காலையில் இருபது நிமிடம், சாயங்காலம் இருபது நிமிடம் போதும். அடிபட்ட மூளை சீக்கிரம் களைத்துவிடும். மதியம் தூங்கினால் எழுப்பாதீர்கள்.

சின்ன வாக்கியங்கள் கூடிவந்த பிறகு கதைக்குப் போகலாம். அன்று நடந்ததில் மூன்று போட்டோவைப் போனில் எடுங்கள். தோசை ஊற்றியது, பூக்காரர் வந்தது, நாய்க்குட்டி செருப்பைக் கடித்தது. இரவு அதை வரிசையாக வைத்து அவளைச் சொல்லச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை அதைக் குரல் பதிவாக எடுத்து, தேதியோடு வைத்திருங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் அதைப் போட்டுக் காட்டலாம். மாதக்கணக்கில் மாற்றமே இல்லை என்று உங்களுக்கே மனம் சோர்ந்துபோகும் ஒரு நாள் வரும். அன்றைக்கு முதல் பதிவைக் கேளுங்கள்.

ஆங்கிலத்தை நிறுத்த வேண்டுமா? வீட்டில் தமிழ்தான், பயிற்சியும் முதலில் தமிழில்தான். அவள் கோபம், பாசம், பசி எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஆனால் பள்ளியில் காதில் விழும் ஆங்கிலம் தமிழைத் தள்ளிவிடாது, தடுக்க வேண்டாம். எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதை மட்டும் இந்த வருடம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். இதற்கு நேர்மாறாக, பள்ளிக்காக வீட்டிலும் இங்கிலீஷில் பேசுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்களுக்கே சரளமாக வராத மொழியில் அவளுக்கு எப்படிக் கைகொடுப்பீர்கள்?

டி.சி. வாங்காதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன்படி அங்கீகாரம் பெற்ற பள்ளி, குறைபாட்டைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையை ஒதுக்க முடியாது. பேச்சு, மொழிக் குறைபாடு அந்தச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. சண்டை போட வேண்டாம். மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி, தலைமை ஆசிரியரிடம் நாலு கோரிக்கை மட்டும் வையுங்கள்: முதலில் அரைநாள் வகுப்பு, முன் வரிசை இடம், பதில் சொல்லக் கூடுதல் நேரம், வகுப்பு நடுவே எழுப்பிக் கேள்வி கேட்காமல் இருப்பது. கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் போய்ப் பாருங்கள். அவளுக்கு இப்போது சிநேகிதிகளின் சத்தம் வேண்டும். ஒரு வருடம் வீட்டில் அடைத்து வைத்தால் அது கிடைக்காது.

அவள் அப்பாவைப் பற்றி ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு அந்த வரி விட்டு அகலவில்லை. நாய் குறுக்கே வந்ததற்கு அவர் பொறுப்பில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் மனம் கேட்காது. சொல்வதைவிட ஒரு வேலையைக் கொடுங்கள். இரவு போட்டோக் கதை அவருடையதாக இருக்கட்டும். அவள் திணறும்போது பத்து எண்ணிக் காத்திருப்பது அவருக்குத்தான் கடினமாக இருக்கும். ஆனாலும் அவர் அங்கே உட்கார்ந்திருப்பது இரண்டு பேருக்குமே வேண்டும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பைக்கில் போகும் 4 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம், பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். குழந்தைகள் அளவில் கடையில் கிடைக்கிறது.

கடைசியாக வசம்பு. உங்கள் மாமியார் பாசத்தில் செய்கிறார், அவரிடம் கோபப்படாதீர்கள். ஆனால் நிறுத்தச் சொல்லுங்கள். தலைக்காயத்துக்குப் பிறகு விழுங்குவதில் சிரமம் இருக்கும் பிள்ளைகளுக்குக் குழைத்துத் தடவுவது எதுவும் மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். சாப்பிடும்போது இருமுகிறாளா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அதைவிட, தினமும் நாக்கைத் தேய்த்துத் தேய்த்து, கோளாறு அங்கேதான் இருக்கிறது என்று அவளை நம்பவைத்துவிட்டோம். அதனால்தான் கண்ணாடி முன் நின்று நாக்கைப் பார்க்கிறாள். பேசத் திணறினாலும் அவளுக்கு நிறையவே புரிகிறது. இன்று பூ கட்டும்போது அவளிடம் சொல்லுங்கள்: ‘உன் நாக்கு நல்லாத்தான் இருக்கு கண்ணு. விழுந்தப்போ தலைக்குள்ள அடிபட்டுச்சு, அதான் வார்த்தை வர நேரமாகுது. நீ வேணும்னு பண்ணலைன்னு எங்களுக்குத் தெரியும்.’ பாட்டியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.